கிளாசுக்குள்ளே என்ன இருக்கு?

தீபாவளி முறுக்கு டின்னில் இப்போது தூள்தான் மிச்சம். நெய் உருண்டை முதல் நாளே காலி. அதற்குள் வரும் வெள்ளிக்கிழமை, 31ஆம் தேதி, ஹாலோவீன். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாலையில் பேய் வேஷம் போட எங்கள் கூட்டத்தில் யாருக்கும் மனசு வரவில்லை. இந்த வருடம் நடுவில் பதினொரு நாள் இருக்கிறது. வாட்ஸ்அப் குழு விழித்துக்கொண்டது.

"யார் வீட்ல?"

"வழக்கம்போல மைக் அக்கா வீட்லதான்."

மைக் அக்கா நான்தான். வானொலியில் வேலை பார்ப்பவள் வீட்டில் பெரிய ஸ்பீக்கர் இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

அம்மாவுக்குத்தான் இது பிடிக்காது. "முனியாண்டிக்குப் படையல் போட்ட குடும்பம். இப்ப பேய்க்கு ஜூஸ் ஊத்துறியா?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். கேட்டுவிட்டு, தட்டு நிறைய மசால் வடை சுட்டும் கொடுத்து அனுப்புவார்.

எங்கள் பார்ட்டிக்கு ஒரு விதி உண்டு. பழைய திகில் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு பாத்திரமாக வரவேண்டும். மேசையில் இருக்கும் பானங்களுக்கும் அந்தப் புத்தகங்களின் பெயர்தான். இதற்குக் காரணமும் நான்தான். பல்கலைக்கழகத்தில் மீடியா படித்தபோது, சுலபமாக மதிப்பெண் வாங்கலாம் என்று ஒரு சீனியர் சொன்னதை நம்பி, ஒரு பருவம் ஆங்கிலத் திகில் இலக்கியம் எடுத்தேன். மதிப்பெண் வரவில்லை. புத்தகங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன.

இந்த வருடப் பட்டியலில் நான்கு பானங்கள். நான்கிலும் மது கிடையாது. ஒவ்வொரு ஜாடியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிச் சீட்டு ஒட்டப்போகிறேன். ஏன் இந்தத் திடீர் ஒழுங்கு என்று குழுவில் கேட்டார்கள். அதற்கான பதில் நான்காவது பானத்தில் இருக்கிறது. விளம்பர இடைவேளை இல்லாமல் அங்கே வந்து சேர்வோம்.

1. ஃபிராங்கன்ஸ்டைன்

இந்தக் கதையின் தொடக்கம் நம் பக்கத்துக் கடலில் இருக்கிறது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அப்போது ஜாவாவை ஆண்டுகொண்டிருந்தவர் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே ராஃபிள்ஸ். வெடிச் சத்தம் ஜாவா வரை கேட்டது. பக்கத்துக் காவல் முகாமை யாரோ பீரங்கியால் தாக்குகிறார்கள் என்று எண்ணி, ஜோக்ஜாகர்த்தாவிலிருந்து படையையே அனுப்பினார்கள்.

அந்தச் சாம்பலும் கந்தகமும் வானத்தில் பரவி வெயிலை மறைத்தன. அடுத்த ஆண்டு, 1816இல், ஐரோப்பாவில் கோடை என்ற ஒன்றே சரியாக வரவில்லை. ஓயாத மழை. சுவிட்சர்லாந்தில் ஜெனிவா ஏரிக் கரையில் ஒரு பங்களாவுக்குள் சில இளைஞர்கள் மாட்டிக்கொண்டார்கள். கவிஞர் பைரன், கவிஞர் ஷெல்லி, பைரனின் மருத்துவர் பொலிடோரி, பிறகு மேரி ஷெல்லி என்று உலகம் அறிந்த பதினெட்டு வயதுப் பெண். பொழுது போகவில்லை. ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவோம் என்றார் பைரன். அந்தப் பெண் எழுதியது 1818இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற பெயரில் புத்தகமாக வந்தது.

படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டு திருத்தங்கள். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது உருவாக்கியவரின் பெயர். உருவாக்கப்பட்ட ஜீவனுக்குப் புத்தகத்தில் பெயரே கிடையாது. அதன் தோல் பச்சையும் இல்லை, மஞ்சள். எனவே இணையத்தில் சுற்றும் பச்சை ஜூஸ் எல்லாம் தப்பு.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த ஜீவன் ஆட்டைக் கொன்று தின்ன வேண்டிய அவசியம் தனக்கு இல்லை என்று சொல்லும். ஓக் மரக் கொட்டையும் காட்டுப் பழங்களும் போதுமாம். ஊரே பயந்து ஓடிய பூதம் சைவம்!

அதனால் இது பழத் துண்டுகளை ஒட்டுப் போட்ட மஞ்சள் பானம். ஆறு பேருக்கு, பாதி அன்னாசி, ஒரு பழுத்த மாம்பழம், இரண்டு ஆரஞ்சு. அன்னாசியில் பாதியையும் மாம்பழத்தில் பாதியையும் ஆரஞ்சுச் சாற்றோடு அரைத்து, இரண்டு கிளாஸ் குளிர்ந்த நீர் சேருங்கள். மீதியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி அப்படியே மிதக்க விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி சப்ஜா விதையை, அதாவது பிஜி செலாசியை, ஒரு கிண்ணம் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து மேலே கொட்டுங்கள். கருப்புப் புள்ளியைச் சுற்றிக் கண்ணாடி போல வீங்கி, நூறு கண்கள் நம்மைப் பார்ப்பதுபோல இருக்கும். விதை முழுதாக ஊறிய பிறகுதான் குடிக்கக் கொடுக்கவேண்டும். சின்னக் குழந்தைகளின் கிளாசில் விதையே வேண்டாம்.

2. டாக்டர் ஜெக்கில்

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் எழுதி 1886 ஜனவரியில் வெளிவந்த சின்னப் புத்தகம். ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். லண்டனில் மரியாதைக்குரிய மருத்துவர் ஜெக்கில். அவர் தானே ஒரு மருந்து கலந்து குடிக்கிறார். குடித்ததும் ஹைட் என்ற இன்னொரு மனிதனாக மாறுகிறார். ஹைட் செய்யும் அட்டூழியங்களுக்கு ஜெக்கில் பொறுப்பில்லை என்று அவரே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறார்.

அந்த மருந்தைக் கலக்கும் காட்சியை ஸ்டீவன்சன் நிறம் நிறமாக எழுதியிருப்பார். முதலில் சிவப்பு. உப்பு கரையக் கரைய நுரைத்துப் பொங்கும், ஆவி வரும். திடீரென்று கருஊதா. பிறகு மெல்ல வெளிறி, தண்ணீர் கலந்த பச்சை. படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நாசி கெராபுவுக்கு நீலம் கொடுக்கும் பூங்கா தெலாங். நம் சங்குப்பூவேதான். அதன் நீல நிறமி புளிப்புப் பட்டால் ஊதாவாக மாறும். பச்சைப் பக்கம் போகவேண்டும் என்றால் சமையல் சோடா சேர்க்கவேண்டும். அதை யாரும் குடிக்க முடியாது. எனவே ஊதாவோடு நிறுத்திக்கொள்வோம்.

ஒரு கிளாசுக்கு, காய்ந்த சங்குப்பூ பத்துப் பதினைந்து. கால் லிட்டர் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வடிகட்டி ஆறவைத்து, குளிர்பெட்டியில் வையுங்கள். கிளாசின் அடியில் இரண்டு தேக்கரண்டி சீனிப் பாகும், மூன்று லிமாவ் கஸ்தூரியின் சாறும். மேலே கிளாஸ் நிறைய ஐஸ் கட்டி. அதன்மேல் நீலத் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் மேலே நீலம், அடியில் ஊதா என்று பிரிந்து நிற்கும். கடைசியில் கொஞ்சம் சோடா தண்ணீர். கரண்டியை விருந்தாளியின் கையில் கொடுங்கள். அவர் கலக்கும்போது நிறம் மாறுவதைப் பார்க்கும் முகம்தான் வேடிக்கை.

ஆவி வேண்டும் என்று உலர்பனி, அதாவது டிரை ஐஸ், வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் குளிர் கிட்டத்தட்ட மைனஸ் 78 பாகை. தொட்டால் தோல் புண்ணாகும், விழுங்கினால் உள்ளே புண்ணாகும். கிளாசுக்குள் போடவே கூடாது. பெரிய சட்டியில் உலர்பனியும் தண்ணீரும் வைத்து, அதன் நடுவில் ஜாடியைத் தனியாக வையுங்கள். ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

இந்தப் புத்தகத்தில் என்னைப் பயமுறுத்திய இடம் நிறம் மாறும் காட்சி இல்லை. கடைசிப் பகுதியில் வீட்டு வேலையாள் பூலும் வழக்கறிஞர் அட்டர்சனும் ஜெக்கிலின் அறைக் கதவுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே யாரோ நடக்கும் சத்தம். முதலாளியின் கனமான நடையை வருடக்கணக்கில் கேட்டவர் பூல். இது வேறு கால் என்று சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் பாட்டி கிள்ளான் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர். சம்பள நாளில் தாத்தா கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு, பாட்டி அடுப்படியில் உட்கார்ந்து காலடிச் சத்தத்தைக் கேட்பாராம். நடை நேராக வந்தால் சோறு போடுவார். செருப்பு மண்ணை உரசிக்கொண்டு வந்தால், சோற்றுச் சட்டியை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. "வர்றது யாருன்னு செருப்புலயே தெரிஞ்சிடும்" என்று அம்மா இன்றும் சொல்வார். வருவது இரண்டு பேரில் யார் என்பதுதான் கேள்வி. அம்மா ஸ்டீவன்சனைப் படித்ததில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று.

3. கவுண்ட் டிராகுலா

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வந்தது 1897இல். எல்லோரும் இதற்குச் சிவப்பு பானம்தான் செய்வார்கள். நானும் செய்கிறேன், ஆனால் புத்தகத்திலேயே ஒரு பானம் இருக்கிறது.

இளம் வழக்கறிஞர் ஜோனத்தன் ஹார்க்கர் இரவில் மலைப் பாதையில் டிராகுலாவின் கோட்டைக்குப் போகிறார். அழைத்துப்போக வந்த வண்டிக்காரர், குளிராக இருக்கிறது, இருக்கைக்கு அடியில் ஒரு குடுவையில் பிளம் பழ பிராந்தி இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஹார்க்கர் குடிக்கவில்லை. இருக்கிறது என்பதே அவருக்கு ஓர் ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான். வண்டிக்காரர் மறுபடி அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அந்த வண்டிக்காரர் வேஷத்தில் வந்தவரே டிராகுலாதான் என்பது நமக்குப் பிறகு தெரியும்.

கோட்டையிலும் அப்படியே. கோழி வறுவல், பாலாடைக்கட்டி, சாலட், ஹங்கேரிய நாட்டு டோக்காய் ஒயின் எல்லாம் மேசையில் வைத்துவிட்டு, நான் சாப்பிட்டாயிற்று, நீங்கள் சாப்பிடுங்கள் என்பார் வீட்டுக்காரர். நம் வீடுகளிலும் 'நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்' என்கிற அத்தை ஒருவர் உண்டு. அத்தையை நம்பலாம்.

பிளம் பழம் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது அசாம்போய். ஒரு கிளாசுக்கு நான்கு அசாம்போயை முக்கால் கிளாஸ் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, லேசாக நசுக்கிவிட்டு, ஆறவிடுங்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டி ரோஸ் சிராப், மூன்று லிமாவ் கஸ்தூரியின் சாறு, ஐஸ், சோடா தண்ணீர். புளிப்பு, உப்பு, இனிப்பு மூன்றும் ஒன்றாக வரும். பார்க்க ரத்தம், குடித்தால் பாசார் மாலாம். அசாம்போயில் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கு ஒன்று மட்டும் போட்டுக் கொடுங்கள்.

4. அமொன்டில்லாடோ

எட்கர் ஆலன் போ 1846இல் எழுதிய சிறுகதை, 'தி காஸ்க் ஆஃப் அமொன்டில்லாடோ'. சில பக்கங்கள்தான். அமொன்டில்லாடோ என்பது ஸ்பெயினின் ஷெரி ஒயினில் ஒரு வகை. பொன்பழுப்பு நிறம், வறுத்த கொட்டையின் வாசம்.

இதுவும் ஒரு பார்ட்டியில் நடக்கும் கதை. திருவிழாக் காலம். ஊரே வேஷம் போட்டிருக்கிறது. ஃபார்ச்சுனாட்டோ கோமாளி உடையில், மணி கட்டிய தொப்பியோடு ஏற்கெனவே போதையில் வருகிறார். மான்ட்ரெசருக்கு அவர்மேல் பழைய வஞ்சம். ஆனால் ஒரு சுடுசொல் கிடையாது, கையைப் பிடித்து இழுப்பதும் கிடையாது. ஒரு பீப்பாய் அமொன்டில்லாடோ வாங்கியிருக்கிறேன், அசல்தானா என்று சந்தேகம், உங்களுக்கு வேலை இருந்தால் வேறொருவரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்கிறார். ஃபார்ச்சுனாட்டோவுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. என்னைவிட ஒயின் தெரிந்தவன் யார்? தானே முன்னால் நடக்கிறார்.

நிலவறைக்குள் ஈரம். அவருக்கு இருமல். திரும்பிப் போவோம், உங்கள் உடம்பு முக்கியம் என்று மான்ட்ரெசர் பலமுறை சொல்வார். சொல்லிக்கொண்டே, ஈரத்துக்கு நல்லது என்று ஒரு பாட்டிலைத் திறந்து கொடுப்பார். பிறகு இன்னொன்று. கடைசியில் சுவரில் ஒரு பொந்து, சங்கிலி, கல், சுண்ணாம்பு. அதற்குமேல் சொல்லமாட்டேன்.

முதல் தடவை படித்தபோது இது கொலைக் கதை என்று மட்டும் நினைத்தேன். இப்போது படித்தால், நம் கல்யாண வீட்டு மேசைகளில் கேட்கும் குரல்தான் காதில் விழுகிறது. 'சளிக்கு நல்லது அண்ணே.' 'ஒரு நாளைக்கு என்ன ஆயிடும்?' 'அட, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?' அந்தக் குரல்களில் ஒன்று என்னுடையது.

2022 ஹாலோவீன். கொரோனா முடிந்து முதல் பெரிய பார்ட்டி. பெரியம்மா மகன், என் அண்ணன், அண்ணியோடு வந்திருந்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சைக்கிளில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டவர். அவர் குடியை விட்டு அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. பெரிய கண்ணாடிச் சட்டியில் நான் சிவப்பாக ஒரு பஞ்ச் கலந்து வைத்திருந்தேன். உள்ளே ரம் இருந்தது.

"கிளாசுக்குள்ளே என்ன இருக்கு, தங்கச்சி?" என்று கேட்டார்.

என் கையில் மைக் இருந்தது. சும்மா விளையாட்டுக்கு அறிவிப்பாளர் குரலில், "கொஞ்சூண்டுதான் அண்ணே, இன்னிக்கு ஒரு நாள்தானே!" என்றேன். ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். சுற்றிலும் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார். முதல் கிளாசை ஊற்றியது நான். இரண்டாவதை அவரே ஊற்றிக்கொண்டார்.

ஜெக்கிலும் ஒரு முறை ஹைட்டை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து இரண்டு மாதம் தாக்குப்பிடிப்பார். பிறகு ஒரு பலவீனமான நேரத்தில் மறுபடி கலந்து குடிப்பார். அடைபட்டுக் கிடந்தவன் வெறியோடு வெளியே வருவான். அந்த இரவுதான் கொலை நடக்கும். அண்ணன் கதையில் கொலை இல்லை. வேலை போனது. அண்ணி கொஞ்ச காலம் பிள்ளைகளோடு அவர் அம்மா வீட்டில் இருந்தார். திரும்பவும் நிறுத்த அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஆறு மாதம் கழித்து ஒரு காதணி விழாவில் அண்ணியைப் பார்த்தேன். கோபமாக ஒன்றும் பேசவில்லை. "அவருக்கு அப்ப ஏழு மாசம் ஆகியிருந்துச்சு. உனக்குத் தெரியாதுல்ல?" என்று மட்டும் கேட்டார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிக் கேட்டார் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. தினமும் நாலு மணி நேரம் பேசிச் சம்பளம் வாங்குகிறவள், தலையை மட்டும் ஆட்டினேன்.

அண்ணனிடம் போன மாதம்தான் நேரில் போய்ச் சொன்னேன். "குடிச்சது நான்தானே தங்கச்சி" என்றார். பெருந்தன்மை அவருடையது. ஊற்றியது யார் என்பது எனக்குத் தெரியும். இதை எழுதலாமா என்று கேட்டேன். பேர் போடாதே, எழுது என்றார்.

போ வாழ்க்கையிலும் இதே போராட்டம் இருந்தது. 1849 ஆகஸ்டில் அவர் ரிச்மண்ட் நகரில் மதுவிலக்குச் சங்கம் ஒன்றில் சேர்ந்து, இனிக் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். அக்டோபர் 3ஆம் தேதி பால்டிமோரில் ஒரு மதுக்கடையில் சுயநினைவு தப்பிய நிலையில் அவரைக் கண்டெடுத்தார்கள். 7ஆம் தேதி இறந்துபோனார். வயது 40. என்ன நடந்தது என்று இன்றுவரை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நான்காவது பானம் அண்ணனுக்காகச் செய்தது. குடியை விட்டவர்களுக்குப் பார்ட்டியில் பெரிய தொல்லை தாகம் இல்லையாம். கையில் ஆரஞ்சு ஜூஸோடு நின்றால், 'ஏன், என்னாச்சு, டாக்டர் சொன்னாரா?' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து கேட்பதுதானாம். அண்ணன் சொன்னது. எனவே பார்ப்பதற்கு அசல் அமொன்டில்லாடோ போலவே, யாரும் கேள்வி கேட்காத ஒரு கிளாஸ்.

நான்கு பேருக்கு, அரை லிட்டர் கடுந்தேநீர், பால் இல்லாமல். சூடாக இருக்கும்போதே கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் எட்டு, ஒரு துண்டு பட்டை, ஒரு ஆரஞ்சின் தோலில் வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவிய நான்கு கீற்று, வெறும் சட்டியில் வறுத்த பாதாம் ஒரு கைப்பிடி. மூடி வைத்து, ஆறியதும் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில். தேயிலையை மட்டும் முன்பே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டினால் பொன்பழுப்பாக இருக்கும். சின்ன ஒயின் கிளாசில், ஐஸ் இல்லாமல், சில்லென்று கொடுங்கள். பாதாம் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதை விட்டுவிட்டுச் செய்யலாம். அதையும் சீட்டில் எழுதிவிடுங்கள்.

மது வேண்டும் என்கிற நண்பர்களும் வருவார்கள். அவர்களைத் தடுக்க நான் யார்? அவர்களுக்குத் தனியாக ஒரு மேசை இருக்கும், பிள்ளைகள் இருக்கும் பக்கத்திலிருந்து தள்ளி. நம் நாட்டில் மது வாங்கும் வயது 2017 டிசம்பரிலிருந்து 21. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த மேசை கிடையாது. யாரும் யாருக்கும் ஊற்றிக் கொடுக்கக் கூடாது, வேண்டியவர் தானே ஊற்றிக்கொள்ளட்டும். சட்டியில் கலந்து வைக்கும் பஞ்ச் இனி என் வீட்டில் இல்லை. வண்டி ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம். 2020இல் திருத்திய சட்டப்படி 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 மில்லி கிராம் என்றிருந்த வரம்பு 50 ஆகக் குறைந்துவிட்டது. கிராப் வண்டிக்குக் காசு இல்லை என்றால் என் வீட்டு சோஃபா பெரியது.

ஒருவர் ஒரு முறை வேண்டாம் என்று சொன்னால், இரண்டாம் முறை கேட்பதில்லை. இது ஒன்றை மட்டும் டிராகுலாவிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

நேற்று இரவு நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு முன் அண்ணனுக்கு அனுப்பிய அழைப்புக்குப் பதில் வந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வர்றோம், அண்ணியும் பிள்ளைங்களும் வர்றாங்க. ஐஸ் வாங்கிட்டு வரணுமா?"

இரண்டு பாக்கெட் என்று பதில் போட்டிருக்கிறேன்.